உளவியல் ஆராய்ச்சி எண்டால் என்ன வேலை? கரவெட்டியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

கரவெட்டியில் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். மகள் உயர்தரம் கலைப்பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்து ஆராய்ச்சியாளராக வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். தாயின் கேள்விகள் மூன்று: “இது விசர் வைத்தியமோ, வேறை ஏதுமோ? அந்த ஆக்கள் நாள் முழுக்க என்ன செய்யினம்? எந்த நேரமும் சண்டைக் கதையும் செத்தவீட்டுக் கதையும் கேட்டுப் பிள்ளைக்கு மனம் கெட்டுப் போகாதோ?”

அக்கா, வைத்தியக் கதையை முதலில் முடித்துவிடுவோம். கலியாண வீட்டில் பந்தியில் இருந்தாலும் என்னிடம் கேட்கிற முதற்கேள்வி இதுதான். மருந்து எழுதுகிறவர் மனநல வைத்தியர். மருத்துவ பீடத்தில் படித்துவிட்டுக் கொழும்பில் பட்டப்பின் படிப்பும் முடித்தவர். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் கிளினிக் நாளில் சனம் வரிசையில் இருந்து காண்பது அவரைத்தான். பிரதேச செயலகத்தில் குடும்பப் பிணக்கோடு வருகிறவர்களை இருத்திக் கதைக்கிறவர் உளவளத்துணை உத்தியோகத்தர். மருந்தில்லாமல் முறையான உளச்சிகிச்சை கொடுக்கிற மருத்துவ உளவியலாளர் இன்னொருவர். அப்படிப்பட்டவர்கள் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு. உங்கள் மகள் சொல்கிற ஆராய்ச்சியாளர் இவர்களில் ஒருவருமில்லை. நாங்கள் ஆளைச் சுகப்படுத்துவதில்லை. கேட்கிறோம், பார்க்கிறோம், எண்ணுகிறோம், ஒப்பிடுகிறோம். எது எதோடு சேர்ந்து வருகிறது, எது வந்தால் எது குறைகிறது என்று எழுதி வைக்கிறோம். முகத்தைப் பார்த்து மனதைச் சொல்ல எங்களுக்குத் தெரியாது. அதற்குச் சாத்திரியாரிடம்தான் போகவேண்டும்.

இனி உங்கள் பயம். யாழ்ப்பாணத்தில் உளவியல் என்றால் போர்தான் என்று ஊருக்குள்ளும் நினைக்கிறார்கள், வெளியிலும் நினைக்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் மனநல வைத்தியர்கள் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்திலேயே இங்கே இருந்து வைத்தியமும் பார்த்து ஆய்வும் செய்தவர்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களில் முக்கியமானவர். 2007 இல் வடபகுதியின் கூட்டு மனவடு (பேரதிர்ச்சி ஒரு சமூகத்தின் மனதில் விட்ட காயம்) பற்றி அவர் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் நாங்கள் மாணவர்களுக்குப் படிப்பிக்கிறோம். அவர் சொன்ன சாரம் இதுதான்: மேற்கிலிருந்து வந்த வினாக்கொத்துகள் ஆளைத் தனியே இருத்தி “உனக்கு என்ன செய்கிறது” என்று கேட்கின்றன. இங்கே முறிந்தது ஆள் மட்டுமல்ல. குடும்பத்துக்குள் இருந்த ஒழுங்கு, அயலவருக்கிடையே இருந்த நம்பிக்கை, ஊர் ஊராக இருந்த தன்மை எல்லாம் சேர்ந்து முறிந்தன. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் வலிகாமத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்துபோனதை நினைத்துப் பாருங்கள். அதற்குச் சரியாக 5 வருடத்துக்கு முன் முஸ்லிம் சனங்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டதையும் சேர்த்து நினையுங்கள். இதை ஒரு ஆளின் நித்திரைக் குழப்பமாக மட்டும் எப்படி அளக்கிறது?

இவ்வளவையும் ஒப்புக்கொண்டபடியேதான் என் துறைக்காரரோடு எனக்கொரு பிணக்கு இருக்கிறது. எதைக் கண்டாலும் கொண்டுபோய்ப் போரில் கட்டிவிடுகிறோம். போரை மறக்காமல், அதே நேரம் மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிட விடாமல் பார்ப்பதுதான் இங்கே உளவியல் ஆராய்ச்சியாளரின் வேலை என்று நான் நினைக்கிறேன். சொல்லச் சுகம், செய்யக் கடினம்.

ஒரு கணக்கைக் காட்டுகிறேன். 2009 ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ். மாவட்டத்தில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. முடிவுகள் 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. போர் முடிந்து சனம் மூச்சுக்கூட விட்டு முடியாத நேரம் அது. போர் அனுபவத்தோடு நேரே கட்டப்பட்ட மனவடு நோயின் அறிகுறிகள் 7.0 வீதமானவர்களிடம் இருந்தன. மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதம். பதகளிப்பு, அதாவது ஓயாத பயமும் பதற்றமும், 32.6 வீதம். வெளியிலிருந்து வருகிறவர்கள் முதல் எண்ணைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் மாணவர்களை மற்ற இரண்டிலும் நிறுத்திவைப்பேன். பதகளிப்பும் மனச்சோர்வும் போரால் வராதவை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவற்றுக்குப் பல வாசல்கள் உண்டு: வேலையில்லாமை, கடன், தனிமை, வீட்டுக்குள் அடி, நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத நிலை. போர் முடிந்தாலும் இந்த வாசல்கள் திறந்தபடிதான் கிடக்கும்.

வீட்டுக்குள் அடி என்றேன். அதற்கும் ஆய்வு இருக்கிறது. ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவர்கள் வடகிழக்கில் 9 முதல் 15 வயது வரையான 296 தமிழ்ப் பள்ளிப்பிள்ளைகளிடம் கேட்டு 2008 இல் வெளியிட்டார்கள். போரும் சுனாமியும் பிள்ளைகளை வருத்தியிருந்தன, அது எதிர்பார்த்ததே. அவற்றோடு சமமாக நின்று வருத்தியது வீட்டு வன்முறை. அந்த வன்முறையோடு சேர்ந்து வந்தது தகப்பனின் குடி. இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். “சண்டை எங்கடை பிள்ளையளைப் பழுதாக்கிப் போட்டுது” என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “அப்பாவின்ரை போத்தல்” என்றதும் கதிரைகள் சத்தம் போடத் தொடங்கும்.

இன்னொன்று சொல்கிறேன், இது மகளுக்கும் பிடிக்கும். போர் கடுமையாக நடந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் தற்கொலை கூடவில்லை, குறைந்தது. சோமசுந்தரமும் இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து 1995 இல் எழுதியது. யுத்த காலங்களில் தற்கொலை குறைவதை ஐரோப்பாவை வைத்துப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் டூர்க்கைம் 1897 இலேயே கவனித்திருந்தார். அப்போது ஊர் முழுவதும் ஒரே அவதியில் நெருங்கி நின்றதா, வெறும் பதிவேடுகள்தான் பிழையாகிப் போயினவா என்று இன்றும் வாதாடலாம். நாடு முழுவதற்குமான கதை வேறு. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47 வரை போனது, உலகத்தில் மிக உயர்ந்த எண்களில் ஒன்று. அடுத்த 10 வருடத்தில் அது பாதியானது. அதற்குப் பெரிய காரணமாக ஆய்வாளர்கள் காட்டுவது உளவளத்துணையை அல்ல. கடும் நச்சுப் பூச்சிகொல்லிகளை அரசாங்கம் படிப்படியாகத் தடைசெய்ததை. அந்த நிமிடத்தைத் தாண்டிவிட்டால் மனிதர் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார் என்பதுதான் இதன் பின்னால் இருக்கிற உளவியல். தலைக்குள் மட்டும் பார்க்கிற எங்களுக்கு இது நல்ல குட்டு. (ஆருக்காவது தாங்கமுடியாத நிலை என்றால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம். இதை எங்கே எழுதினாலும் சேர்த்துத்தான் எழுதுவேன்.)

இப்போது என்னுடைய பக்கத்துக்கு வருகிறேன். சில காலமாக என் ஆர்வம் முதியவர்களில். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும். இங்கே பெரிய வீடு, கேற்றுக்கு ரிமோட், சிசிரிவி, உள்ளே எழுபத்தைந்து வயதில் ஒற்றை ஆள். காசுக்குக் குறைவில்லை. இந்தத் தனிமை எப்படிப்பட்டது, எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது என்று கேட்டுத் திரிகிறேன்.

தீவுப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தை. ஊர்ப்பெயர் சொல்லமாட்டேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன். என்னோடு வந்த மாணவன் வினாக்கொத்தை வாசிக்கிறான்: “கடந்த ஒரு வாரத்தில் நித்திரை கொள்வது சிரமமாக இருந்ததா? இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு, மிக அதிகம்.” அம்மா வெற்றிலைத் தட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்தார்.

“நித்திரை வரும் மோனை. சனிக்கிழமை மட்டும் வராது.”

“ஏனம்மா சனிக்கிழமை?”

“அண்டைக்குத்தான் அவன் ஃபோன் எடுக்கிறவன். பின்னேரம் எடுத்திட்டானெண்டால் ஒரு பிரச்சினையுமில்லை. எடுக்காட்டி விடியவிடிய முழிச்சுக்கொண்டு கிடப்பன்.”

மாணவன் என்னைப் பார்க்கிறான், பேனை பெட்டிக்கு மேல் நிற்கிறது. நான்கு பெட்டிக்குள் சனிக்கிழமைக்கு இடமில்லை. ஓரத்தில் எழுதிவை என்று கண்ணால் காட்டினேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் போர் அனுபவப் பட்டியல் வந்தது. குண்டுவீச்சு, இடப்பெயர்வு, உறவினர் இழப்பு. அம்மா எல்லாவற்றுக்கும் “ஓம், ஓம்” என்றார், கடைக்குப் போகிற துண்டைச் சரிபார்க்கிற மாதிரி. “பொம்மர் அடிச்சது பின்வளவுக்கை தான் விழுந்தது. அதுக்கென்ன, எல்லாருக்கும்தானே விழுந்தது.” கணினிக்குள் போட்டால் இந்த அம்மா போர் அனுபவத்தில் உச்சம், நித்திரைக் குழப்பத்தில் நடுத்தரம். இரண்டையும் கோடு போட்டு இணைத்து ஒரு கட்டுரை எழுதலாம். எழுதியும் இருக்கிறார்கள், இப்படிப் பலவற்றை. ஆனால் ஓரத்தில் எழுதிய அந்த ஒரு வரிக்குள்தான் அவருடைய வாழ்க்கை இருக்கிறது. அதனால்தான் எண்ணும் எடுக்கிறோம், கதையும் எடுக்கிறோம். இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுகிற இடத்தில்தான் எனக்கு ஆராய்ச்சி தொடங்குகிறது.

ஊர்ப்பெயர் ஏன் சொல்லவில்லை என்றால், யாழ்ப்பாணத்தில் பெயரை மறைப்பதால் ஆள் மறைவதில்லை. “இளைப்பாறிய அதிபர், மனைவி இல்லை, மூத்த மகன் நோர்வே, இளைய மகள் தாதி” என்று எழுதினால் போதும், அந்தப் பகுதியில் யாரும் வாசித்தால் வீட்டு இலக்கம் வரை சொல்லிவிடுவார்கள். ஆகவே நோர்வேயை டென்மார்க் ஆக்குவோம், அதிபரைத் தபாலதிபர் ஆக்குவோம், சில வேளைகளில் நல்ல மேற்கோள் ஒன்றையே முழுதாக எறிந்துவிடுவோம். எறியும்போது நெஞ்சு வலிக்கும், என்றாலும் எறியத்தான் வேண்டும்.

மறுபக்கமும் அப்படித்தான். நான் ஒரு கேள்வி கேட்குமுன் என்னிடம் மூன்று கேள்வி கேட்கப்படும். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், ஆற்றை பிள்ளை? நேரே கேட்காத நாலாவது கேள்விக்கும் இந்த மூன்றுக்குள் விடை எடுத்துவிடுவார்கள். என்ன கேள்வி என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கிற பதில் அந்த விடையைப் பொறுத்தது. சில வீடுகளில் கதிரை வரும், தேத்தண்ணி வரும், உண்மை வராது. சில வீடுகளில் வாசற்படியிலேயே முழுக்கதையும் கொட்டப்படும். வெளிநாட்டு ஆய்வுமுறைப் புத்தகங்களில் நேர்காணுகிறவர் எங்கிருந்தோ வந்த அந்நியர். இங்கே அந்நியர் என்று ஒருவர் கிடையாது. ஆகவே சில தலைப்புகளுக்கு வேண்டுமென்றே தூர ஊர் மாணவரை அனுப்புவேன். சாதி பற்றியோ சீதனம் பற்றியோ கேட்கப் போகிறவர் அந்த ஊர்ப் பிள்ளையாக இருக்கக்கூடாது. குடி பற்றிக் கேட்க அந்த ஊர்ப் பிள்ளைதான் நல்லது, ஏனென்றால் பொய் சொன்னால் பிடிபட்டுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கையெழுத்துப் பிரச்சினையும் உண்டு. ஆய்வுக்கு அனுமதி தருகிற ஒழுக்கநெறிக் குழு கேட்பது எழுத்துமூலச் சம்மதம். எங்கள் சனமோ எத்தனையோ பதிவுகளில், முகாம்களில், அலுவலகங்களில் பெயரையும் கையெழுத்தையும் கொடுத்துக் களைத்தது. அந்தத் தாள்கள் எங்கே போயின என்று அவர்களுக்கு இன்றும் தெரியாது. “எல்லாம் சொல்லுறன், சைன் மட்டும் கேக்காதேங்கோ” என்கிறவரிடம் நான் வற்புறுத்துவதில்லை. சாட்சியோடு வாய்மூலச் சம்மதம் எடுக்க முன்கூட்டியே அனுமதி வாங்கி வைத்துக்கொள்வோம். வீட்டுத்திட்டம் வருமோ, உதவி ஏதும் கிடைக்குமோ என்றும் கேட்பார்கள். வராது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லவேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு படிவமும் கையுமாக வந்த நிறுவனங்கள் எத்தனை! கவலையைக் கூட்டிச் சொன்னால் உதவி கூட வரும் என்று சனம் அப்போதே பழகிவிட்டது. அதில் சனத்தின் பிழை ஒன்றும் இல்லை.

நான் வினாக்கொத்தோடு போகாத இடமும் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் தொடங்கிய அவர்களின் போராட்டம் உங்களுக்குத் தெரிந்ததே. அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ் வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களைப் பார்த்து, முடிவு தெரியாத இழப்பு என்று ஒன்றைத் தனியே இனங்கண்டார். செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாதபோது துக்கம் தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது என்பது அவர் கருத்து. எங்கள் ஊரில் இது இன்னும் கூர்மை. செத்தவருக்கு எட்டு உண்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி உண்டு, ஆட்டத்திவசம் உண்டு. தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி, கீரிமலையில் முழுக்கு. பிள்ளை இருக்கிறான் என்று நம்புகிற தாய் இதில் எதைச் செய்வாள்? செய்தால் அவனைத் தானே சாகடித்தது போலாகும் என்று சொல்வார்கள். இதைச் சிக்கலடைந்த துக்கம் என்று பெயரிட்டு மதிப்பெண் போடுகிற அளவுகோல்கள் உள்ளன. அந்தத் தாய்மாருக்கு வேண்டியது பதில். அது என் துறையிடம் இல்லை. அரசாங்கத்திடம்தான் இருக்கவேண்டும்.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள். நீங்கள் நினைக்கிறதைவிட மிகச் சாதாரணமாகப் போகும். காலையில் விரிவுரை. பிறகு இறுதிவருட மாணவர்களின் ஆய்வுக்கட்டுரைகள். அரைவாசி நேரம் “இந்தத் தலைப்பு பெரிசு, சின்னனாக்கு” என்று சொல்வதிலேயே போய்விடும். விடைத்தாள் திருத்தம், கூட்டம், படிவம், கையொப்பம். பின்னேரம்தான் களவேலை, ஏனென்றால் பகலில் வீடுகளில் ஆண்கள் இல்லை. குருநகர்ப் பக்கம் என்றால் கடலுக்குப் போகிற நேரம் பார்த்துப் போகவேண்டும். தோட்டக்காரரிடம் வெங்காய அறுவடை நேரம் போனால் மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்கள். நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் களவேலையை மறந்துவிடலாம். மாரி தொடங்கினால் கிறவல் ஒழுங்கைகளுக்குள் ஸ்கூட்டி போகாது. 2022 இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் சைக்கிள் மிதிக்கக்கூடிய தூரம்தான் நாங்கள் ஆய்வுக்கு ஆட்களைத் தெரிகிற பரப்பு. அந்தக் கால ஆய்வுக்கட்டுரைகள் எல்லாம் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் என்றே இருக்கும், வேடிக்கையில்லை.

எல்லாவற்றிலும் நேரம் தின்கிற வேலை ஒலிப்பதிவை எழுத்தாக்குவது. ஒரு மணிநேர நேர்காணலை எழுத ஒரு முழுநாள் போய்விடும். தானாக எழுதுகிற செயலிகள் எங்கள் பேச்சைக் கேட்டுத் திகைத்துப்போய் எதையோ எழுதும். போதாக்குறைக்குப் பாதி மாணவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து கொண்டுவருவார்கள், யூனிகோட்டுக்கு மாற்றினால் கொம்பும் விசிறியும் இடம் மாறிக் கிடக்கும். அழுகை, இருமல், கோழி கத்துவது, நடுவில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதையைத் திருத்துவது எல்லாவற்றையும் குறிக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் திருத்தம்தான் சில வேளை நேர்காணலைவிடப் பெறுமதியானது. இதில் அலுப்படைகிற பிள்ளைக்கு இந்தத் துறை சரிவராது. இதை ரசிக்கிற பிள்ளையை நான் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

மற்றப்படி நானும் எல்லோரையும் போலத்தான். வீட்டில் நாலு கோழி, கொஞ்சம் கத்தரி, ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் சேர்ந்தால் ஒடியல் கூழ். வீட்டில் உளவியல் கதைக்கக்கூடாது என்பது வீட்டாரின் கட்டளை. “எனக்கு உன்ரை வினாக்கொத்து வேண்டாம்” என்று ஒரு முறை முகத்துக்கு நேரே சொல்லப்பட்டது, சொன்னவருக்கு வயது ஒன்பது.

மனம் கெட்டுப் போகாதா என்ற கேள்விக்கு நேரான பதில்: ஒட்டும். கேட்கிற கதை கேட்கிறவரில் ஒட்டும். அதற்காகச் சில ஒழுங்குகள் வைத்திருக்கிறோம். இழப்புக் கதைகளின் ஒலிப்பதிவை ஒருவரும் இரவில் தனியே இருந்து எழுதக்கூடாது. களத்துக்கு இருவராகப் போகவேண்டும், திரும்பி வந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல் எங்காவது ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து கதைத்துவிட்டுப் போகவேண்டும். தகப்பனை இறுதிப்போரில் இழந்த பிள்ளை அதே தலைப்பை ஆய்வுக்கு எடுக்க விரும்பினால் நான் உடனே ஓம் சொல்லமாட்டேன். தடுப்பதுமில்லை, ஒரு வருடம் வேறெதையாவது செய்துவிட்டு வா என்பேன். சிலர் திரும்பி வந்து மிக நன்றாகச் செய்திருக்கிறார்கள், சிலர் தாங்களாகவே வேறு தலைப்புக்குப் போய்விட்டார்கள். ஆனால் அக்கா, உளவியல் ஆய்வில் பெரும்பகுதி கண்ணீரோடு சம்பந்தமில்லாதது. பிள்ளைகள் எப்படி மனனம் செய்கிறார்கள், புலமைப்பரிசில் பரீட்சைக்கு ரியூசன் ரியூசனாக ஓடிய பிள்ளைக்குப் பிறகு படிப்பில் ஆர்வம் என்னாகிறது, சந்தையில் பேரம் பேசும்போது ஆட்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள், கைபேசி மேசையில் கிடந்தாலே கவனம் குறைகிறதா. இவையும் உளவியல்தான், இவற்றில் யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதப்பட்டது மிகச் சொற்பம். நான் பிணக்கு என்று சொன்னது இதைத்தான்.

பாடநூல்களில் “மனிதர் இப்படி நடந்துகொள்வர்” என்று இருப்பதையும் அப்படியே நம்பவேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். முன்னணி உளவியல் சஞ்சிகைகளில் வந்த ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் 96 வீதமானோர் மேற்கத்தேயக் கைத்தொழில் நாடுகளைச் சேர்ந்தவர்கள், அந்த நாடுகளில் இருப்பதோ உலகச் சனத்தொகையில் 12 வீதம் என்று ஹென்ரிக் என்ற ஆய்வாளரும் அவரது தோழர்களும் 2010 இல் எடுத்துக் காட்டினார்கள். 2015 இல் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது 36 வீதத்தில்தான் புள்ளிவிபரப்படி பொருட்படுத்தத்தக்க முடிவு வந்தது. இதை நாங்கள் மேற்கைக் குறைசொல்லப் பாவிக்கிறோம், ஆனால் அதே பாவத்தைத்தான் நாங்களும் செய்கிறோம். கலைப்பீட முதலாம் வருட மாணவிகளிடம் வினாக்கொத்தைக் கொடுத்து வாங்கிவிட்டுத் தலைப்பில் “யாழ்ப்பாணத்தவரின் மனப்பாங்கு” என்று போட்டுவிடுகிறோம். நெடுந்தீவுக்குப் படகேறிப் போய்க் கேட்பதற்கு ஆருக்கு நேரம்?

தொழில் நிலவரத்தையும் மறைக்கக்கூடாது. முழுநேர ஆராய்ச்சி வேலை இங்கே விரல்விட்டு எண்ணக்கூடியது. படித்தவர்களில் பலர் அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ ஆசிரியராகவோ அரச சார்பற்ற நிறுவனங்களிலோ இருக்கிறார்கள். வெளிநாட்டுக் குழுக்களோடு சேர்ந்து தரவு சேகரிக்கும் வேலை அவ்வப்போது வரும். அதில் போகுமுன் கட்டுரையில் தன் பெயர் எங்கே வரும் என்று கேட்டுவிட்டுப் போகப் பழகவேண்டும். வெயிலில் நடந்தவர் பெயர் நன்றி சொல்லும் பகுதியில் மட்டும் வந்த கட்டுரைகள் நிறைய. மேற்படிப்புக்குக் கொழும்போ வெளிநாடோ போகவேண்டி வரலாம், அதற்கு ஆங்கிலத்தோடு சிங்களமும் இருந்தால் பெரிய உதவி.

உயர்தரத்தில் உளவியல் என்று ஒரு பாடம் இல்லாதபடியால் மகள் இன்னும் அதன் உள்ளைக் கண்டிருக்க மாட்டாள். அளவையியல் எடுத்திருந்தால் கொஞ்சம் கை கொடுக்கும். இங்கே வருகிற கலைப்பிரிவுப் பிள்ளைகளை உலுக்குவது போர்க் கதைகள் அல்ல, இரண்டாம் வருடத்துப் புள்ளிவிபரவியல். ஆகவே பெறுபேறு வரும்வரை சும்மா இருக்காமல், சாதாரணதரக் கணிதப் புத்தகத்தை எடுத்துப் புள்ளிவிபரமும் நிகழ்தகவும் உள்ள பாடங்களை ஒருக்கால் செய்து பார்க்கச் சொல்லுங்கள். யூனிகோட் தட்டச்சையும் இப்போதே பழகச் சொல்லுங்கள், பாமினி வேண்டாம்.